கிளிசராலிலிருந்து 1,2-புரோப்பேன்டையால்: தாமிர வினையூக்கி கொண்டு ஆய்வகத்தில் செய்து முடிக்கும் முறை

எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியவைத்துப் பயோடீசல் தயாரிக்கும்போது, 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 கிலோ கிளிசரால் உடன் கிடைக்கிறது. அதை உறைதடுப்புத் திரவம், பாலியெஸ்டர் பிசின், அழகுசாதனப் பொருள்கள் ஆகியவற்றில் பயன்படும் 1,2-புரோப்பேன்டையாலாக மாற்றும் வரிசையை இங்கே முழுமையாகத் தருகிறேன். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுத் திட்டப்பணியாக இதை எடுத்துக்கொள்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை கலனைச் சூடேற்றுவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. ஆகவே தூய்மைப்படுத்தலுக்கும் ஹைட்ரஜன் கணக்குக்கும் இங்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

1. எந்தப் பொருள் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே விளைபொருளும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கிளிசராலில் மூன்று கார்பன், மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. தாமிரம் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பை அறுத்து, கார்பன்-கார்பன் பிணைப்பைப் பெரும்பாலும் தொடாமல் விடும். அதனால்தான் 1,2-புரோப்பேன்டையாலுக்கு அது ஏற்றது.

ருத்தீனியம் தாமிரத்தைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் கார்பன் சங்கிலியையும் அறுத்து எத்திலீன் கிளைக்காலையும் மீத்தேனையும் தந்துவிடும். 1,3-புரோப்பேன்டையால் வேண்டுமானால் பிளாட்டினத்துடன் டங்ஸ்டன் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். கிளிசரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்ற விளைபொருள்களுக்குத் தங்கம், பல்லேடியம், பிளாட்டினம் ஆகியவற்றை ஆக்சிஜனுடனும் பெரும்பாலும் காரத்துடனும் பயன்படுத்துவார்கள். முதன்முறையாகச் செய்பவருக்குத் தாமிரத்தையே பரிந்துரைப்பேன். விலை குறைவு, விளைபொருள்களின் எண்ணிக்கையும் குறைவு என்பதால் பகுப்பாய்வில் குழப்பம் வராது.

தாமிரத்தின் மேல் வினை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் கிளிசரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து அசிட்டால் ஆகிறது. பிறகு அசிட்டால் ஹைட்ரஜனை ஏற்று 1,2-புரோப்பேன்டையால் ஆகிறது. இடையில் வரும் இந்த அசிட்டாலை மறந்துவிடாதீர்கள். எங்கே பிழை நேர்ந்தது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

100 மில்லிலிட்டர் கொள்ளளவும் 150 பாருக்குக் குறையாத அனுமதி அழுத்தமும் கொண்ட, கலக்கியுடன் கூடிய துருப்பிடிக்காத எஃகு உயரழுத்தக் கலன் ஒன்று வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் உடைந்து வாயுவை வெளிவிடும் பாதுகாப்புத் தகடு அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இவற்றுடன் குழாய் உலை, 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் சிலிண்டர், தூய ஹைட்ரஜன், தூய நைட்ரஜன், திரவக் கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி ஆகியவையும் தேவை.

நீர் எப்போதும் அயனி நீக்கிய நீராகவே இருக்கட்டும். குழாய்நீரில் குளோரைடு இருக்கிறது, தாமிரத்துக்கு அது நஞ்சு. பாத்திரம் கழுவுவதற்குக் குழாய்நீரைப் பயன்படுத்தினாலும் கடைசி அலசல் அயனி நீக்கிய நீரில்தான் இருக்க வேண்டும்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார விதிமுறைகளின்படி எழுத்துபூர்வமான அபாய மதிப்பீடு கட்டாயம். அதைப் படிவம் நிரப்பும் வேலையாக எண்ணாமல், இந்த வழிகாட்டியின் 5, 6, 7ஆம் பகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹைட்ரஜன் கசிந்தால் என்ன செய்வது, ஒடுக்கிய தாமிரம் (ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்கியது) காற்றில் பட்டால் என்ன ஆகும், கலக்கி நின்றுபோனால் யார் எதை அணைப்பது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஆய்வகப் பொறுப்பாளர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே சிலிண்டரைத் திறக்க வேண்டும்.

நம் ஊரின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கிளிசரால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தாமிர நைட்ரேட்டும் துத்தநாக நைட்ரேட்டும் ஈரத்தில் கசிந்து கூழாகிவிடும். குளிரூட்டி இரவில் நிறுத்தப்படும் ஆய்வகங்களில், மூடி தளர்ந்த புட்டியிலிருந்து எடைபோடும் ஒவ்வொரு முறையும் எடையில் ஒரு பகுதி நீராகவே இருக்கும். வினையூக்கிக்கான தாமிர, துத்தநாக, அலுமினிய நைட்ரேட் உப்புகள் மூன்றையும் உலர்பெட்டியில் வைத்து, வெளியே எடுத்தவுடன் எடைபோட்டுவிடுங்கள்.

3. கச்சா கிளிசராலைத் தூய்மைப்படுத்துதல்

முதல் ஓட்டத்தைக் கடையில் வாங்கிய தூய கிளிசராலுடன் செய்யுங்கள். வினையூக்கி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே கச்சாப் பொருளுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், பிழை வினையூக்கியில் இருக்கிறதா மூலப்பொருளில் இருக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

உணவங்காடி நிலையங்களில் சேகரித்த பழைய எண்ணெயிலிருந்து வந்த கிளிசரால் கரும்பழுப்பாக, கெட்டியாக, சோப்பு மணத்துடன் இருக்கும். மெத்தனால், சோப்பு, மீந்த காரம், நீர், உப்பு என எல்லாம் அதில் கலந்திருக்கும். இங்கே ஒரு தகவலையும் சொல்லிவிட வேண்டும். துவாசிலுள்ள நெஸ்டே ஆலை பழைய எண்ணெயை ஹைட்ரஜனுடன் சேர்த்துப் புதுப்பிக்கத்தக்க டீசல் செய்கிறது. அந்த முறையில் உடன் வருவது புரோப்பேன், கிளிசரால் வராது. ஆகவே கச்சா கிளிசரால் தேடுபவர்கள் மெத்தனால் முறையில் பயோடீசல் தயாரிக்கும் இடத்தைத்தான் அணுக வேண்டும்.

தூய்மைப்படுத்தும் வரிசை இது. மெத்தனாலை நீக்காமலே பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச் மதிப்பை 2 முதல் 3 வரை கொண்டுவாருங்கள். சோப்பு உடைந்து கொழுப்பமிலமாகி மேலே மிதக்கும், உப்பு கீழே படியும், நடுவில் கிளிசரால் நிற்கும். பிரிபுனலில் ஓர் இரவு வைத்தால் அடுக்குகள் தெளிவாகப் பிரியும். நடு அடுக்கை எடுத்துக் காரம் சேர்த்து நடுநிலையாக்கி, உப்பை வடிகட்டிவிட்டு, அதன் பிறகுதான் மெத்தனாலைச் சுழல் ஆவியாக்கியில் நீக்க வேண்டும்.

மெத்தனாலை முதலிலேயே நீக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சோப்பு இருக்கும்போது ஆவியாக்கினால் நுரை பொங்கிக் குடுவையின் கழுத்தைத் தாண்டி ஏற்பிக்குள் போய்விடும். மெத்தனால் இருக்கும்வரை உப்பு கரைவது குறைவு என்பதால், அப்போது வடிகட்டினால் நன்றாகப் பிரியும் என்பது இரண்டாவது காரணம்.

அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு கட்டளைதான்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடவே கூடாது. மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருப்பதால் அதை எடுத்துவிடுகிறார்கள். குளோரைடு தாமிரத்துடன் சேர்ந்து எளிதில் இடம்பெயரும் சேர்மமாக மாறுகிறது. அதனால் நுண்ணிய தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடுகின்றன, வினை நடக்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது.

கடைசியாகக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடியுங்கள். சாதாரண அழுத்தத்தில் கிளிசரால் 290 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆனால் அந்த வெப்பத்தில் சிதையவும் தொடங்கும். ஏறத்தாழ 13 மில்லிபாரில் 167 டிகிரியிலேயே வடிந்துவிடும். வடிப்பதற்கு முன் பிஎச் மதிப்பை மறுபடி பாருங்கள். அமிலம் மீந்திருந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நச்சுத்தன்மை மிக்க அக்ரோலீன் உருவாகும். காரம் மீந்திருந்தால் கிளிசரால் மூலக்கூறுகள் தமக்குள் இணைந்து குடுவையின் அடியில் பிசினாக நிற்கும்.

4. குளோரைடு சோதனையைத் தவிர்க்காதீர்கள்

பொரித்த உணவிலிருந்த உப்பு எண்ணெயோடு வந்து கிளிசராலில் சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே அமிலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் குளோரைடு தொல்லை வரலாம்.

வடித்த கிளிசராலில் சிறிதளவை நீரில் கரைத்து, சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்து, கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். பால் போன்ற கலங்கல் தெரிந்தால் மறுபடி வடிக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தை விட்டுவிட்டால் மீந்த பாஸ்பேட்டும் வெள்ளியுடன் மஞ்சள் வீழ்படிவு தந்து குழப்பும். அமிலம் இருந்தால் அது கரைந்துவிடும், வெள்ளி குளோரைடு கரையாது.

5. வினையூக்கியைத் தயாரித்தல்

தாமிரம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றை மோல் கணக்கில் 6:3:1 என்ற விகிதத்தில் சேர்க்கிறோம். துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் தாமிரத் துகள்களுக்கு இடையே நின்று அவை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன.

மூன்று நீர் மூலக்கூறு கொண்ட தாமிர நைட்ரேட் 14.5 கிராம், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக நைட்ரேட் 8.9 கிராம், ஒன்பது நீர் மூலக்கூறு கொண்ட அலுமினிய நைட்ரேட் 3.75 கிராம் ஆகியவற்றை 100 மில்லிலிட்டர் நீரில் கரையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள சோடியம் கார்பனேட் கரைசலைத் தயாராக வையுங்கள். 65 டிகிரியில் இருக்கும் சிறிதளவு நீரில் இரண்டையும் ஒரே நேரத்தில் சொட்டுச்சொட்டாக விட்டு, பிஎச் மதிப்பை 7க்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு கரைசலில் மற்றதை மொத்தமாக ஊற்றினால் ஒவ்வோர் உலோகமும் வெவ்வேறு பிஎச் மதிப்பில் தனித்தனியே படியும், கலவை சீராக அமையாது.

முதலில் வருவது வெளிர்நீல வீழ்படிவு. அதே வெப்பநிலையில் கலக்கிக்கொண்டே வைத்திருந்தால், சிறிது நேரத்தில் நீலம் மங்கி நீலப்பச்சையாக மாறும். பிஎச் மதிப்பும் அப்போது சற்று அசையும். துத்தநாகம் தாமிரக் கார்பனேட்டின் படிகத்துக்குள் புகுந்து புதிய அமைப்பு உருவாவதை அந்த நிறமாற்றம் காட்டுகிறது. நேரமாகிவிட்டது என்று நீலமாக இருக்கும்போதே வடிகட்டுபவர்கள் பிறகு வினைவேகம் குறைந்துவிட்டது என்று வருந்துகிறார்கள். நிறம் மாறிய பிறகும் ஒரு மணி நேரம் வைத்திருங்கள்.

அடுத்தது கழுவுதல். பலருக்கும் பொறுமை தீர்ந்துபோவது இங்கேதான். வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கழுவிய நீரின் மின்கடத்துதிறன் தூய நீரின் மதிப்பை நெருங்கும்வரை நிறுத்தக்கூடாது. மீந்த சோடியம் தாமிரத்தின் பரப்பை மூடுவதோடு, வினையை லாக்டிக் அமிலத்தின் பக்கமும் திருப்பிவிடும்.

110 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, 350 டிகிரியில் காற்றில் மூன்று மணி நேரம் சுட்டால் கறுப்புத் தூள் ஏறக்குறைய 7.7 கிராம் கிடைக்கும். இதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால், கார்பனேட்டு முழுமையாகச் சிதையவில்லை அல்லது சோடியம் மீந்திருக்கிறது என்று பொருள். தூளை 100 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து மெல்லிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. ஒடுக்கமும் கலனுக்கு மாற்றுதலும்

தாமிர ஆக்சைடு ஹைட்ரஜனுடன் சேர்ந்து உலோகத் தாமிரமாகும்போது மோலுக்குச் சுமார் 85 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. தூய ஹைட்ரஜனை வேகமாகச் செலுத்தினால் தூளின் உட்புறம் உலை காட்டும் வெப்பநிலையைவிட வெகுவாகச் சூடாகி, துகள்கள் அங்கேயே பெருத்துவிடும். அதனால்தான் 5 சதவீத ஹைட்ரஜனும், நிமிடத்துக்கு 2 டிகிரி என்ற மெதுவான ஏற்றமும். 250 டிகிரியில் மூன்று மணி நேரம் போதும். 300 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

ஒடுக்கிய தாமிரம் காற்றில் பட்டால் கனன்று எரியக்கூடும். நைட்ரஜன் ஓட்டத்திலேயே முழுவதும் ஆறவிட்டு, அரை மணி நேரம் நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜன் நீக்கிய கிளிசரால் கரைசலைக் குழாய்க்குள் ஊற்றி, குழம்பாகவே கலனுக்கு மாற்றுங்கள். உலர்ந்த தூளாக எடைபோட முயல வேண்டாம். ஒடுக்குவதற்கு முன்பே எடைபோட்டு வைத்துக்கொள்வதுதான் முறை.

7. ஹைட்ரஜன் கணக்கைச் சூடேற்றும் முன் போடுங்கள்

ஒரு மோல் கிளிசராலுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் தேவை. கிளிசராலின் 20 சதவீத நீர்க்கரைசல் 40 கிராம் எடுத்தால் அதில் கிளிசரால் 8 கிராம், அதாவது 0.087 மோல். திரவத்துக்கும் கலக்கிக்கும் போக 100 மில்லிலிட்டர் கலனில் சுமார் 60 மில்லிலிட்டர் காலி இடம் மிஞ்சும். அறை வெப்பநிலையில் 50 பார் நிரப்பினால் அதில் 0.12 மோல் ஹைட்ரஜன் இருக்கும். தேவையைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால் இது சரி.

இதே கலனில் 40 சதவீதக் கரைசலை எடுத்தால் கிளிசரால் 0.174 மோல் ஆகிவிடும். ஹைட்ரஜன் அதே 0.12 மோல்தான். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வினை முழுமையடையாது. ஹைட்ரஜன் தீரத்தீர அசிட்டால் தேங்கி, தமக்குள் இணைந்து பழுப்பு நிறப் பிசினாகும். செறிவான கரைசல் வேண்டுமானால், வெளிக்கலனிலிருந்து அழுத்தம் குறையக் குறைய ஹைட்ரஜனை ஊட்டும் அமைப்பு தேவை.

சூடேறிய பிறகு அழுத்தம் எவ்வளவாகும் என்பதையும் இப்போதே கணக்கிட வேண்டும். 200 டிகிரியில் ஹைட்ரஜன் விரிவதாலும், நீரின் ஆவியழுத்தம் மட்டுமே 15 பார் சேர்வதாலும், திரவமே விரிந்து காலி இடத்தைக் குறைப்பதாலும், 50 பார் என்று தொடங்கியது 100 பாரை எட்டும். 100 பாருக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட கலனில் இந்த ஓட்டத்தைச் செய்யவே கூடாது.

8. ஓட்டம்

8 கிராம் கிளிசராலுக்கு 0.4 கிராம் வினையூக்கி போதும். கலனை மூடியதும் நைட்ரஜனை 10 பார் வரை நிரப்பி வெளியேற்றுவதை மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் பதினொன்றில் ஒரு பங்காகும். 21 சதவீதம் மூன்றாவது முறை முடியும்போது 0.02 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை தீப்பற்றக்கூடியது என்பதால் இந்த அலசலைக் குறைக்க இடமில்லை. பிறகு ஹைட்ரஜனால் ஒருமுறை அலசி, 50 பாருக்கு நிரப்பி, அரை மணி நேரம் அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் இறங்கினால் இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே சூடேற்ற வேண்டும்.

200 டிகிரியை எட்டிய நேரத்தை நேரக்கணக்கின் தொடக்கமாகக் குறித்து, அப்போதே ஒரு மாதிரி எடுங்கள். சூடேறும் நேரத்திலேயே வினை தொடங்கிவிடுவதால், அந்த முதல் மாதிரி இல்லாமல் வேகத்தைக் கணக்கிட்டால் அது தவறாகவே வரும். மாதிரிக் குழாயில் தேங்கியிருக்கும் திரவத்தை முதலில் வெளியேற்றிவிட்டு எடுக்க வேண்டும்.

கலக்கியின் வேகத்தை நிமிடத்துக்கு 600, 800, 1,000 சுற்றுகள் என மாற்றித் தனித்தனி ஓட்டங்களில் பாருங்கள். வேகத்தைக் கூட்டும்போது மாற்றவீதமும் (கிளிசராலில் எத்தனை சதவீதம் வினைபுரிந்தது என்பது) கூடினால், நீங்கள் அளப்பது வினையூக்கியின் திறனை அன்று, ஹைட்ரஜன் திரவத்துக்குள் கரையும் வேகத்தை. மாற்றம் நின்றுபோகும் வேகத்துக்கு மேல்தான் இனி எல்லா ஓட்டங்களும். வெப்பநிலையை 230 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் 1,2-புரோப்பேன்டையாலே மேலும் ஒடுங்கிப் புரோப்பனாலாகத் தொடங்கும், தாமிரத் துகள்களும் பெருக்கும்.

வினையூக்கி இல்லாமல் ஓர் ஓட்டமும், தாமிரம் சேர்க்காத துத்தநாக-அலுமினா தூளுடன் ஓர் ஓட்டமும் கட்டாயம். முந்தைய குழு விட்டுச்சென்ற உலோகம் கலனின் சுவரில் படிந்திருந்தால் இவை காட்டிக்கொடுக்கும்.

9. ஆறவிட்டுப் பார்த்தல், பகுப்பாய்வு

அறை வெப்பநிலைக்கு வந்ததும், திறப்பதற்கு முன் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயுவை ஒரு பையில் பிடித்துவையுங்கள், மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் அதில்தான் இருக்கும். மீந்த ஹைட்ரஜனை ஃபியூம் ஹூட்டுக்குள் வெளியேற்றி, நைட்ரஜனால் அலசிய பிறகே மூடியைக் கழற்றுங்கள்.

திரவத்தை வடிகட்டி, அயனி விலக்கப் பத்தியும் ஒளிவிலகல் உணரியும் கொண்ட எச்பிஎல்சியில் செலுத்துங்கள். எத்திலீன் கிளைக்காலும் 1,2-புரோப்பேன்டையாலும் அருகருகே வெளிவரக்கூடியவை. எனவே தனித்தனியாகவும் கலவையாகவும் நியமக் கரைசல்களைச் செலுத்தி, இரண்டும் பிரிகின்றனவா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

கணக்கைக் கார்பன் அடிப்படையில் போடுங்கள். விளக்கத்துக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 8 கிராமில் கிளிசரால் 2.4 கிராம் மீதி, 1,2-புரோப்பேன்டையால் 4.1 கிராம், எத்திலீன் கிளைக்கால் 0.15 கிராம், அசிட்டால் 0.15 கிராம். மாற்றவீதம் 70 சதவீதம். தொடக்கத்தில் கார்பன் 0.261 மோல், வினைபுரிந்த கிளிசராலில் 0.182 மோல், 1,2-புரோப்பேன்டையாலில் 0.162 மோல். ஆகவே தேர்வுத்திறன் (வினைபுரிந்த கார்பனில் வேண்டிய பொருளாக மாறிய பங்கு) 89 சதவீதம், விளைச்சல் (தொடக்கக் கார்பனில் அப்படி மாறிய பங்கு) 62 சதவீதம். திரவத்தில் மொத்தம் 0.251 மோல் கார்பன் கிடைத்திருப்பதால் கார்பன் கணக்கு 96 சதவீதம் ஒத்துப்போகிறது. 4.1 கிராமை 5.6 கிராமால் வகுத்து 73 சதவீதம் என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. நீராக வெளியேறிய எடை அதில் விடுபட்டுப்போகிறது.

இந்த எண்களை அழுத்தத்துடனும் ஒப்பிடலாம். 0.054 மோல் 1,2-புரோப்பேன்டையால் உருவாகியிருந்தால் ஆறிய கலனில் அழுத்தம் 50 பாரிலிருந்து சுமார் 27 பாருக்கு வந்திருக்க வேண்டும். அழுத்தமானி 15 பார் காட்டினால் கசிவோ மீத்தேன் உருவாக்கமோ இருக்கிறது. 40 பார் காட்டினால் எச்பிஎல்சி அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

10. எண்கள் சரியாக வராதபோது எங்கே பார்ப்பது

அசிட்டால் அதிகமாக இருந்தால் ஹைட்ரஜன் போதவில்லை. கணக்கு, கசிவு, கலக்கி என்ற வரிசையில் பாருங்கள். எத்திலீன் கிளைக்கால் அதிகமானால் வெப்பநிலை கட்டுப்பாட்டை மீறியிருக்கலாம், அல்லது ருத்தீனியமோ நிக்கலோ கலனில் மீந்திருக்கலாம். பிஎச் மதிப்பு இறங்கியிருந்தால் அமிலங்கள் உருவாகியிருக்கின்றன, சோடியத்தையும் மீந்த ஆக்சிஜனையும் தேடுங்கள். கார்பன் கணக்கு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வுத்திறனைப் பற்றிப் பேசவே வேண்டாம், காணாமல் போன கார்பனை முதலில் வாயுப் பையிலும் வினையூக்கியின் மேல் படிந்த பிசினிலும் தேடுங்கள்.

தூய கிளிசராலில் நன்றாக ஓடியது கச்சாப் பொருளில் படுத்துவிட்டால் 4ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். அங்கே பிழை இல்லையென்றால் கந்தகத்தைச் சந்தேகிக்க வேண்டும். சோப்பை உடைக்கக் கந்தக அமிலம் பயன்படுத்தியவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

11. மறுபயன்பாடும் கழிவும்

வடிகட்டிய வினையூக்கியை ஈரமாகவே நைட்ரஜனின் கீழ் வைத்து, நீரில் கழுவி, அடுத்த ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மறுபயன்பாட்டை ஒப்பிடும்போது, மாற்றவீதம் 30 அல்லது 40 சதவீதத்தில் இருக்கும் நேரத்தில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். 100 சதவீதத்தில் நிறுத்தினால், பாதித் திறனை இழந்த வினையூக்கியும் புதியது போலவே தோன்றும்.

வடிநீரில் நீலச் சாயல் தெரிந்தால் தாமிரம் கரைந்து வெளியேறியிருக்கிறது. நிறமில்லாவிட்டாலும் தாமிரத்துக்கும் துத்தநாகத்துக்கும் உலோகப் பகுப்பாய்வு செய்யுங்கள். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரையும் என்பதால் முதலில் இழக்கப்படுவது அதுவாகவே இருக்கும்.

உலோகம் கலந்த வடிநீர், கழுவிய நீர், செலவழிந்த தூள் எதையும் தொட்டியில் ஊற்றக்கூடாது. பெயரும் தேதியும் எழுதிய தனித்தனிக் கொள்கலன்களில் சேர்த்து, உரிமம் பெற்ற நச்சுக்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒடுக்கிய தாமிரத் தூளை நீருக்குள் அமிழ்த்தியே கொடுங்கள். உலர்ந்த நிலையில் குப்பைப் பையில் இட்டால் அது அங்கேயே கனன்று பையை எரித்துவிடக்கூடும்.